தீபத்துக்கு உலை வைத்த வீடும் டைட்டில் இன்ஷூரன்சும்

1

என் மகன் சேகர் அமெரிக்காவில் வீடு வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டுத் திருவண்ணாமலையிலிருந்து நாலைந்து பேர் சந்தோஷமாகக் கடிதம் போட்டிருந்தீர்கள். என் தம்பி மகள் ஒரு படி மேலே போய், வேங்கிக்கால் பக்கம் மனை போடுகிறார்கள், நாங்களும் ஒன்று வாங்கப் போகிறோம், அத்தை ஆசீர்வாதம் பண்ண வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஆசீர்வாதம் இருக்கட்டும். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவளுக்கு மட்டும் சொன்னால் போதாது என்றுதான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

இங்கே அமெரிக்காவில், வீட்டுப் பத்திரம் முடிகிறதுக்கு முந்தின மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சேகரும் மருமகள் உமாவும் மேஜையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, பத்திரச் செலவு என்னென்ன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடம் வந்ததும் சேகர், "இது வேணாம், அடிச்சுடு" என்றான்.

"இன்னாடா அது?"

"டைட்டில் இன்ஷூரன்ஸ்மா. உனக்குப் புரியாது."

"புரியறாப்பல சொல்லு."

அவன் உமாவைப் பார்த்தான். அவள் மெட்ராஸ் பெண், சொல்கிறதைப் பொறுமையாகச் சொல்வாள்.

"விக்கிறவருக்கு இந்த வீட்ட விக்கிற உரிமை இருக்கா, வேற யாராவது பின்னால வந்து என்னுதுன்னு கேப்பாங்களான்னு பழைய ரிக்கார்டெல்லாம் தேடிப் பாக்கறாங்க அத்தை. அப்படித் தேடியும் ஏதாவது தப்பிப் போயி நாளைக்கு ஒருத்தன் கேஸ் போட்டான்னா, இந்தக் கம்பெனியே வக்கீல் வச்சு நடத்தும். தோத்துட்டா, பாலிசியில இருக்கற தொகை வரைக்கும் நம்ம நஷ்டத்தக் குடுக்கும்."

"மாசாமாசம் கட்டணுமா?"

"இல்ல. வாங்கறப்ப ஒரே தடவ. வீடு நம்ம கையில இருக்கற வரைக்கும் செல்லும்."

கத்தியைக் கீழே வைத்தேன். "வக்கீலயும் அவங்களே வைப்பாங்களா?" என்று மறுபடி கேட்டேன். சேகர் சிரித்தான்.

"அதான் பேங்குல கட்டாயம்னு ஒண்ணு வாங்க வைக்கறாங்க இல்ல. அது போதும்மா."

"அது யாருக்கு?"

"பேங்குக்கு."

"வூடு போச்சுன்னா பேங்குக்குத் துட்டு வந்துடும். உனக்கு?"

"அம்மா, இது திருவண்ணாமலை இல்ல. இங்க எல்லாம் கரெக்டா இருக்கும்."

"எல்லாம் கரெக்டா இருந்தா பேங்க்காரன் எதுக்குடா வாங்கறான்?"

உமா குனிந்துகொண்டு சிரித்தாள். சேகர் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

2

என் மகனுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் படிக்கிற உங்களுக்காகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் மாணிக்கம் திருவண்ணாமலையில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். சேகர் படிப்புக்காக டவுனில் இருந்தாக வேண்டும். என் அப்பா எனக்குக் கொடுத்த கிணற்று நிலத்தை விற்று, தேரடிக்குப் பின்னால் ஒரு தெருவில் ஓட்டு வீடு வாங்கினோம்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் மூட்டையைக் குத்திப் பார்க்காமல் கடலை எடுக்காத மனுஷர். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு நடையாய் நடந்து, முப்பது வருஷத்துக்கு வில்லங்க சர்டிபிகேட் போட்டுப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. விற்கிறவர் பாகப் பிரிவினைப் பத்திரம் காட்டினார். வக்கீல் பார்த்துவிட்டு, தாராளமா வாங்குங்க என்றார்.

குடி போனபோது பின்கட்டில் ஒரு பெரிய கோட்டையடுப்பு இருந்தது. கல்யாண வீட்டுக்குத் தோண்டுகிற மாதிரி இல்லை, கல் வைத்து நிரந்தரமாகக் கட்டியிருந்தது. பரணில் இரண்டு பித்தளை அண்டா. விற்றவர் எடுத்துப் போகவில்லை. நல்ல கனம். விலையோடு வந்த லாபம் என்று நினைத்துக்கொண்டோம்.

முதல் கார்த்திகை வந்தது. எதிர் வீட்டில் பூக்கட்டுகிற ருக்மணி அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா உண்ணாமலை, அரிசி எல்லாம் வாங்கிட்டியா?"

"எதுக்குக்கா?"

"எதுக்கா? தீபத்தன்னிக்கி இந்த வூட்ல உலை வைக்காம இருந்ததே இல்லடி. மலை சுத்தறவங்க நேரா இங்கதான் வருவாங்க. வாசல்ல வந்து நின்னா இன்னா சொல்லி அனுப்புவ?"

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வித்தவன் வழக்கம் வித்தவனோட போச்சு. நமக்கு இன்னாத்துக்கு?" என்றார்.

"சோறுன்னு வந்து நிக்கிறவங்கள வெறுங்கையோட அனுப்ப எனக்கு வராதுங்க."

"சரி சரி. ஜாஸ்தியா இழுத்து வுட்டுக்காத. ரெண்டு அண்டாவோட நிறுத்திக்க."

அப்படிச் சொன்னவரே மண்டியிலிருந்து வண்டி வைத்து அரிசி கொண்டுவந்து இறக்கினார். கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு, காலில் சேறோடு, எங்கெங்கேயோ இருந்து நடந்து வந்தவர்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். சூடாகச் சாம்பார் சாதம் தையல் இலையில் போட்டேன். மலையில் தீபம் தெரிந்ததும் சாப்பிடுகிறவர்கள் இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கும்பிட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் நான் விட்டதில்லை.

3

சில வருஷம் கழித்து ஒரு தீபத்தன்று, வேட்டி சட்டையில் ஓர் ஆள் வந்து பந்தியில் உட்கார்ந்தான். வெளியூர் ஆள் மாதிரி இல்லை. சோற்றைவிட வீட்டை ஜாஸ்தி பார்த்தான். இன்னொரு கரண்டி போடட்டுமா என்று கேட்டதற்கு, "போதும்மா, நல்லா நடத்தறீங்க" என்றான். என்னிடம் சாப்பிட்டுப் போன அவன்தான் அடுத்த மாதம் கேஸ் போட்டான்.

அவன், எங்களுக்கு விற்றவருடைய பங்காளி. எங்கள் தாத்தா இந்த வீட்டைத் தீபத்துக்குச் சோறு போடுகிற தர்மத்துக்கென்று உயில் எழுதி வைத்தார், இதை விற்க யாருக்கும் உரிமை கிடையாது, அடுத்து நடத்த வேண்டியவன் நான் என்று பிராது. அந்த உயில், நாங்கள் வில்லங்கம் போட்டுப் பார்த்த முப்பது வருஷத்துக்கும் முந்தினது. நாங்கள் தேடின இடத்தில் அது இல்லை. இருந்த இடத்தில் நாங்கள் தேடவில்லை.

விற்றவர் பெங்களூர் போய்விட்டார். ஆள் அனுப்பினால், என்னிடம் ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார்.

எங்கள் வக்கீல் ஒரு வழி சொன்னார். தர்மச் சொத்து என்று தெரியாமல் முழு விலை கொடுத்து வாங்கினோம் என்று காட்ட வேண்டும். அதற்கு அந்தச் சோறுதான் இடைஞ்சல். "யாரும் சொல்லல, நானா ஒரு வேண்டுதலுக்குப் போட்டேன்னு சொல்லிடுங்கம்மா. வேற ஒண்ணும் பேசாதீங்க" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கூண்டில் ஏறினேன். எதிர்க் கட்சி வக்கீல் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"தீபத்துக்குச் சோறு போட்டீங்களாம்மா?"

"போட்டேன்."

"உங்க சொந்த வேண்டுதலா?"

"இல்லீங்க. அது அந்த வூட்டு வழக்கம்னு எதிர் வூட்டு அக்கா சொன்னாங்க. அதனால போட்டேன்."

"எப்ப சொன்னாங்க?"

"குடி போன வருஷமே."

அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை அவருக்கு.

தெருவுக்கே தெரிந்த விஷயம், பின்கட்டில் அடுப்பும் பரணில் அண்டாவும் கண்ணுக்கு முன்னால் இருந்தன, வாங்குகிறவர் விசாரித்திருக்க வேண்டும், பிறகு இவர்களே அந்த தர்மத்தை ஏற்று நடத்தியிருக்கிறார்கள் என்று தீர்ப்பு வந்தது. வேலூருக்கு அப்பீல் போனோம். அங்கேயும் அதேதான்.

வக்கீலுக்குக் கொடுத்துக் கொடுத்தே மண்டி கைமாறியது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு விடுகிற மாதிரி ஓர் அறையை எடுத்துக்கொண்டு போனோம். அந்த அறையில்தான் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். சேகர் அப்போது மெட்ராஸில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தான்.

ஜெயித்தவன் முதல் வருஷம் ஒரு அண்டா ஆக்கினான், போட்டோ எடுத்துக்கொண்டான். அடுத்த வருஷம் வீட்டின் முன்பக்கத்தை இடித்துக் கடை கட்டினான். மாடி எழுப்பி அறை போட்டான். தீபத்துக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகை மூன்று மடங்கு என்று ருக்மணி அக்கா சொல்லி அனுப்பினாள். கோட்டையடுப்பு இருந்த இடத்தில் இப்போது கக்கூஸ்.

4

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். காலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு காரில் போய்விடுவார்கள். சுவரில், குளிருக்கு வைத்த சூட்டுக் குழாய் டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருக்கும். நான் சோறு வடித்துவிட்டு ஜன்னலில் உட்காருவேன். சர்க்கார் ஆபீசுக்குப் போனால் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று நமக்கு ஏது. வீட்டுக்காரர் பெயரைப் போட்டார்கள். இப்போது எந்த ஆபீசிலும் மாணிக்கம் என்று கூப்பிட்டால் நான்தான் எழுந்து போக வேண்டும். முதல் தடவை கூப்பிட்டபோது திரும்பி வாசலைப் பார்த்தேன்.

சேகர் என்னிடம் தமிழில்தான் பேசுகிறான். ஆனால் கோபம் வந்தால் இங்கிலீஷுக்குப் போய்விடுகிறான். அதனால் அவனுக்குக் கோபம் என்று தெரிகிறதே தவிர, எதற்கு என்று தெரிவதில்லை.

இன்ஷூரன்ஸ் பேச்சு ஒரு வாரம் ஓடியது. நான் விடவில்லை. இப்படி ஒன்று அன்றைக்கு நம் ஊரில் இருந்திருந்தால், பிராது வந்த அன்றே என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனிக்கு ஒரு கார்டு போட்டிருப்பார். வக்கீல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே இருந்திருக்க மாட்டார். தோற்றாலும் நஷ்டத்துக்குக் கம்பெனி கை கொடுத்திருக்கும். வீடு போனதுகூட இல்லை, அந்த நடைதான் அவரைத் தின்றது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் உமா, "அத்தை சொல்றது சரிதான் சேகர். பேங்க் தன்னைக் காப்பாத்திக்குது. நாம ஏன் சும்மா இருக்கணும்?" என்றாள். வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவானது. அவன் எனக்காக அல்ல, பேச்சு ஓயட்டும் என்று ஒத்துக்கொண்டான். பரவாயில்லை என்று இருந்தேன்.

பிறகு, பத்திரத்துக்கு முன்னால் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அந்த வீட்டுக்குப் போனோம். அவர்கள் உள்ளே குழாய் எல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் பக்கவாட்டில் போய் நின்றேன். வீட்டுக்கும் எல்லைக்கும் நடுவில் புல்லில் ஒரு கோடு. கால்பட்டுத் தேய்ந்த கோடு. ஒற்றையடிப் பாதை எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கிழவர் தூண்டில் கோலோடு அந்த வழியே வந்தார். சாயங்காலம் என்பதை மறந்து "குட் மார்னிங்" என்றேன். அவரும் "குட் மார்னிங்" என்றே சொன்னார், நல்ல மனுஷர்.

உமாவும் சேகரும் வெளியே வந்தார்கள். உமா அவரிடம் பேசினாள். பின்னால் இருக்கிற ஏரிக்கு அவர் அப்பா காலத்திலிருந்து இந்தத் தெருக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் போகிறார்களாம். சேகர் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவர் போனதும், "வந்ததும் மொத வேலையா வேலி போட்டுடணும்" என்றான்.

"அத்தினி வருஷமா நடக்கறாங்கன்னு சொல்றாரே?"

"இருக்கட்டும்மா. எந்த ரிக்கார்டுலயும் இல்ல."

நான் அந்தக் கோட்டை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினேன்.

5

பத்திரம் முடிக்கிற அன்றைக்கு வெளியே நல்ல குளிர். வீட்டில் தனியாக விட வேண்டாம் என்று உமாதான் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நம் ஊர் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் மாதிரி மரத்தடியும் கூட்டமும் இல்லை. கம்பளம் போட்ட அறை, நீள மேஜை. அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஓர் அம்மா, நரைத்த தலையோடு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு காகிதமாகத் தள்ளினாள். விற்கிறவர்கள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்ஷூரன்ஸ் காகிதம் வந்தது. அந்த அம்மா ஏதோ நீளமாகச் சொன்னாள். "இன்னா சொல்றாங்க?" என்று உமாவின் காதில் கேட்டேன்.

"எதுக்கெல்லாம் குடுப்பாங்கன்னு சொல்றாங்க அத்தை. யாரோ கள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தா, தெரியாத வாரிசு வந்தா, அதுக்கெல்லாம் குடுப்பாங்க. ஆனா வாங்கறவங்களுக்கே முன்னால தெரிஞ்சு, சொல்லாம வுட்டதுக்குக் குடுக்க மாட்டாங்களாம். அப்படி ஏதாவது தெரியுமான்னு கேக்கறாங்க."

சேகர், "நோ" என்றான். பேனாவை எடுத்தான்.

"சேகர், அந்த ஏரி வழி?" என்றேன்.

"சும்மா இரும்மா."

"தெரிஞ்சு சொல்லலன்னா குடுக்க மாட்டாங்கன்னு இப்பதானே சொன்னாங்க."

"அம்மா. வூட்டுக்குப் போய்ப் பேசலாம்."

அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு என்னையே பார்த்து ஏதோ கேட்டாள். என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. மொழி தெரிய வேண்டியதில்லை. எழுந்து, மேஜைமேல் கிடந்த மனைப் படத்தில் வீட்டுப் பக்கவாட்டில் விரலை வைத்தேன். அங்கிருந்து பின்பக்கம் வரைக்கும் இழுத்தேன். "பீப்பிள் வாக்" என்றேன். "ஆல் பீப்பிள். லாங் டைம்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு டெலிபோனை எடுத்தாள்.

அன்றைக்குப் பத்திரம் முடியவில்லை. விற்கிறவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆமாம், நடப்பார்கள், நாங்கள் தடுத்ததில்லை என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்களாம். இரண்டு வாரம் தள்ளிப்போய்த்தான் கையெழுத்தானது. இப்படி ஒரு வழி இருக்கிறதே என்று சேகர் விலையைக் குறைக்கக் கேட்டுப் பார்த்தான். அவர்கள் அசைந்து கொடுக்கவில்லை.

அந்த முதல் நாள் திரும்பும்போது காரில் அவன் தமிழிலேயே பேசினான்.

"வாங்கச் சொன்னதும் நீ. அதுல ஓட்டை போட்டதும் நீ."

"சொல்லாம இருந்திருந்தாலும் அதுக்குக் குடுக்க மாட்டாங்களே சேகர்" என்றாள் உமா.

"நீ சும்மா இரு." கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "அங்க கூண்டுல ஏறியும் இதத்தான் செஞ்ச. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா அப்பா அந்த ரூம்ல செத்திருக்க மாட்டாரு."

இத்தனை வருஷம் என் பிள்ளை இதை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் எனக்கு விமான டிக்கெட் வாங்கியிருக்கிறான், கம்பளிச் சட்டை வாங்கியிருக்கிறான், டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு. வேலூரில் அப்பீல் தோற்று நாங்கள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். போளூர் தாண்டியதும் அவன் அப்பாவும் இதையேதான் சொன்னார். "ஒரு வார்த்ததானே உண்ணாமலை. சொல்லிட்டு எறங்கியிருக்கலாம்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தச் சோறு எவரோ ஒருவர் தாத்தா ஏற்படுத்தி வைத்த வழக்கம். அதை என் வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது. அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, பெற்ற பிள்ளையாக இருந்தாலும்.

6

தம்பி மகளுக்கு. நம் ஊரில் இப்படி ஓர் இன்ஷூரன்ஸ் இன்னும் வரவில்லை என்று உமா சொல்கிறாள். வந்தால், மற்றதில் மிச்சம் பிடித்தாவது அதை வாங்கிவிடு. கடன் கொடுக்கிறவன் தனக்கென்று ஒன்று வாங்கச் சொன்னால், எனக்கு எங்கே என்று கேள். வருகிற வரைக்கும் முப்பது வருஷத்தோடு நிற்காதே, அதற்கும் பின்னால் போய்த் தேடு. மனைக்கு எதிரே, பக்கத்தில், எருமை கட்டியிருக்கிறவர்களிடம் போய் இது யாருடையது, இங்கே என்ன நடக்கும், யார் வருவார்கள் என்று கேள். அவர்கள் சொல்கிறது பிடிக்கவில்லை என்றால், கேட்காத மாதிரி வந்துவிடாதே.

சேகருடைய இன்ஷூரன்ஸ் காகிதம் போன வாரம் தபாலில் வந்தது. ஒரு சின்னப் புத்தகம் அளவு கனம். அவன் பெயரும் உமா பெயரும் போட்டிருந்தது. உமா எனக்குப் படித்துச் சொன்னாள். கள்ளக் கையெழுத்து, மறைந்த உயில், தெரியாத வாரிசு, எல்லாவற்றுக்கும் கம்பெனி பொறுப்பு. கடைசியில் மட்டும் ஒரு வரி, பக்கத்தில் இருக்கிறவர்கள் ஏரிக்கு நடந்து போகிற வழிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று.

"இது நீங்க சொன்னது அத்தை" என்றாள்.

எந்த இடம் என்று காட்டச் சொன்னேன். அவள் விரல் வைத்த இடத்தில் நானும் விரலை வைத்துப் பார்த்தேன். சேகர் வந்து அதை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்தான். என்ன பார்க்கிறாய் என்று என்னைக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டான். சாப்பிட்டேன் என்றேன்.